ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டவர்களுக்கு மெட்ரோ எம்மாத்திரம்? - கம்மாபுரத்திலிருந்து எழும்பூருக்கு ஒரு பயணம்

விருத்தாசலம் சந்திப்பில் சென்னை ரயில் ஏறுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருக்கும் அம்மா, துண்டில் சுற்றிய கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி, கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு ஒரு பெரியவர், சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருக்கும் கல்லூரிப் பெண். கம்மாபுரம், ஊ.மங்கலம், முதனை என்று சுற்று வட்டாரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கச் சென்னைக்குப் போகிறவர்கள் இவர்களில் குறைவு. வேலை இருப்பதால்தான் போகிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் ஆஸ்பத்திரி வேலை.

இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்து எழும்பூரில் இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இங்கேருந்து எப்படிப் போறது?" பதில் சொல்ல வாசலிலேயே ஆட்டோக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால், ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வைத்தியத்துக்கு வந்தவருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. அந்த ஒரு கிலோமீட்டருக்கு வெறும் பத்து ரூபாயில் ஒரு வழி இருக்கிறது. அது கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம், அது பூமிக்குக் கீழே இருப்பதுதான்.

எழும்பூர் மெட்ரோ சுரங்க நிலையம் திறக்கப்பட்டது 2018 மே 25-ல். நேரு பார்க்கிலிருந்து சென்ட்ரல் வரையிலான சுரங்கப் பாதையோடு சேர்ந்து அதுவும் திறந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், 2017 மே 14-ல், திருமங்கலத்துக்கும் நேரு பார்க்குக்கும் இடையில்தான் சென்னையின் முதல் சுரங்க ரயில் ஓடியது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊர்க்காரர்கள் பலர் அதில் ஏறியதில்லை. கேட்டால், "அது ஆபீஸ் போறவங்களுக்குப்பா" என்கிறார்கள்.

எந்தப் பக்கம் இறங்குவது?

முதல் சிக்கலே இதுதான். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு இரண்டு முகம். சினிமாவில் பார்க்கிற சிவப்பும் வெள்ளையுமான அழகு முகம், தெற்கே காந்தி இர்வின் சாலையைப் பார்த்து இருக்கிறது. மெட்ரோ நிலையம் அந்தப் பக்கம் இல்லை. வடக்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்பதும் அதே சாலைதான். ரயிலை விட்டு இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய வாசலுக்குப் போய்விடாமல், நடைமேம்பாலம் ஏறி, "பூந்தமல்லி ஹைரோடு பக்கம் எது?" என்று கேட்டு அந்தப் பக்கம் இறங்குங்கள். ரயில் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடக்கிறது. இன்று திறந்திருக்கும் வழி அடுத்த மாதம் தகரம் அடைத்துக் கிடக்கலாம். அதனால் கேட்டுக்கொண்டு போவதே நல்லது.

இன்னொன்று: மெட்ரோ ரயில் அதிகாலை 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், இரவு 11 மணியோடு நின்றுவிடும். ராத்திரி ரயிலில் வந்து நாலு மணிக்கு இறங்குகிறவர்கள் காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பதும் அவ்வளவு சீக்கிரம் தொடங்காது.

"கீழ எறங்குனா மூச்சு முட்டாதா?"

கண்புரை காட்டுவதற்காக என் பெரியம்மா கம்மாபுரத்திலிருந்து வந்திருந்தார். கண் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்த உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டும். மெட்ரோ வாசலில் கீழே இறங்கும் படிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, கீழ எறங்குனா மூச்சு முட்டாதா?"

"முட்டாது பெரியம்மா. உள்ளார ஏசி போட்டிருக்காங்க."

"நம்ம ஆழத்துப் புள்ளையாரைக் காட்டிலும் ஆழமா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட தரை மட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறி வந்தவர்கள் நாம். நம் கிழக்குப் பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. மண்ணை அகழ்ந்து, அடியிலிருந்து பீறிட்டு வரும் ஊற்றுத் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே நிலக்கரி எடுக்கிற பள்ளம் எவ்வளவு பெரியது என்று கம்மாபுரத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. பூமிக்கு அடியில் என்ன இருக்கும் என்கிற பயம், பட்டணத்துக்காரர்களைவிட நமக்குத்தான் குறைவாக இருக்க வேண்டும்.

அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில், மெட்ரோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சென்னையின் மண் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் களிமண், பத்தடி தள்ளி மணல், திடீரென்று கெட்டிப் பாறை. தோண்டும் இயந்திரங்களுக்கு அது பெரிய சோதனை. ஆனால், அது தோண்டும்போது இருந்த ஆபத்து. தோண்டி முடித்து, சுற்றிலும் கான்கிரீட் வளையங்கள் பூட்டியாகிவிட்ட சுரங்கம் வேறு விஷயம்.

ஒரு சுரங்க நிலையத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். முதலில் பள்ளம் தோண்டிவிட்டுப் பிறகு சுவர் எழுப்புவதில்லை. தோண்டினால் மண் சரியும், பக்கத்துக் கட்டடம் விரிசல் விடும். அதனால் நிலையத்தின் நான்கு எல்லையிலும் குறுகலாக, ஆழமாக வாய்க்கால் போல் வெட்டி, அதில் கம்பிக் கூடு இறக்கி கான்கிரீட் ஊற்றி முதலில் சுவரை உண்டாக்குகிறார்கள். அந்தச் சுவர் இறுகிய பிறகுதான் நடுவில் இருக்கும் மண்ணை அள்ளுகிறார்கள். உறைகிணறு இறக்கியவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று பிடிபடும். சுற்றுச்சுவர்தான் காவல், அதன் துணையோடுதான் மண்ணெடுப்பு.

டிக்கெட், கதவு, ரயில்

பெரியம்மாவுக்கு நகரும் படிக்கட்டு பிடிக்கவில்லை. "அது பாட்டுக்கு ஓடுது, நான் எங்க காலை வெக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. புடவைக் கரை மாட்டிக்கொள்ளுமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அதோடு மல்லுக்கட்டவே வேண்டாம். தெரு மட்டத்திலிருந்து டிக்கெட் கூடத்துக்கும், அங்கிருந்து நடைமேடைக்கும் லிஃப்ட் இருக்கிறது. காவலரிடம் "லிஃப்ட் எங்க?" என்று கேட்டால் காட்டுவார்.

உள்ளே நுழைந்ததும் பையை ஸ்கேனர் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். சென்னையில் இருக்கும் மகளுக்கென்று அரிவாள்மனை எடுத்து வருகிற அம்மாக்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். வெட்டும் பொருள் எதற்கும் அனுமதி கிடையாது.

டிக்கெட் எடுக்க செல்போன் கட்டாயமில்லை. கவுன்ட்டரில் காசு கொடுத்து, போகும் இடத்தைச் சொன்னால் கட்டம் கட்டமாக அச்சடித்த க்யூ.ஆர். சீட்டு தருவார்கள். குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். எழும்பூரிலிருந்து அடுத்த நிலையமான சென்ட்ரலுக்கு 10 ரூபாய்தான். போனில் பழக்கம் உள்ள பிள்ளைகள் கூட வந்தால் வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம், 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. அடிக்கடி வருகிறவர்கள் 'சிங்காரச் சென்னை' அட்டை வாங்கிக்கொண்டால் மாநகரப் பேருந்திலும் அதையே காட்டலாம். மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு அது வசதி. சில்லறைத் தொல்லை இல்லை.

சீட்டில் இருக்கும் கட்டத்தை வாயிற்கதவின் கண்ணாடிமேல் காட்டினால் கதவு திறக்கும். சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், வெளியே போகும்போதும் அதைக் காட்டினால்தான் கதவு திறக்கும். இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பஸ் டிக்கெட் மாதிரி காதில் செருகிக்கொண்டு மறந்துபோகிற பெரியவர்கள் நம்மில் நிறைய.

நடைமேடையில் இறங்கினால் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியாது. விளிம்பு முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்ற பிறகு ரயிலின் கதவும் தடுப்பின் கதவும் ஒன்றாகத் திறக்கும். குழந்தை ஓடி விழுந்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. மூச்சு முட்டும் என்று பயந்த பெரியம்மா, அங்கே போய் உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், குளிர் தாங்காமல்!

எழும்பூர், பச்சை வழித்தடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் அடுத்ததே சென்ட்ரல். அங்கே வெளியே வரும்போது அரசு பொது மருத்துவமனைப் பக்கம் போகும் சுரங்க வழியைக் கேட்டுப் போனால், அந்த அகலச் சாலையைக் குறுக்கே கடக்கும் ஆபத்து இல்லை. மறுபக்கம் போனால் நேரு பார்க், பிறகு கீழ்ப்பாக்கம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்க வேண்டும். பச்சையப்பன் கல்லூரி, ஷெனாய் நகர், அண்ணா நகர் என்று திருமங்கலம் வரை எல்லாமே சுரங்கம். அதைத் தாண்டியதும் ரயில் மேலேறி, சட்டென்று ஜன்னலில் வெளிச்சம் அடிக்கும். கோயம்பேடு வந்துவிட்டது என்று அர்த்தம். வடபழனி முருகனைப் பார்க்க இதே ரயிலில் போகலாம். ஏறுவதற்கு முன் அறிவிப்புப் பலகையில் ரயில் எதுவரை போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசலில் இறங்கி, இருட்டில் போய், வேறெங்கோ வெளியே வந்ததும் பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடுன கதையால்ல இருக்குது!" சுந்தரர் நம் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர். மெட்ரோவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மேலே வந்தால் எழும்பூர்

பெரும்பாலும் நாம் எழும்பூரை ஒரு பிளாட்பாரமாகத்தான் பார்த்திருக்கிறோம். இறங்குவோம், போவோம், மறுபடி ஏறுவோம். ஆனால், அது 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பழைய கிராமம். புரசைவாக்கமும் தண்டையார்பேட்டையும் அதே சமயத்தில் சேர்ந்தவை.

மெட்ரோ வாசலுக்கு அருகிலேயே, மரங்களுக்கு நடுவே உயரமான வெள்ளைக் கோபுரம் தெரியும். அதுதான் 1821-ல் முடிந்த புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம், சுருக்கமாகக் 'கிர்க்'. உள்ளே வட்டக் கூடமும், மேலே கருநீலத்தில் நட்சத்திரங்கள் தீட்டிய குவிமாடமும். எனக்கு அதைவிடப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத அதன் அடிப்பகுதி. இங்கே மண் இளக்கமான களி என்பதால், கட்டியவர்கள் வரிசை வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல்தான் இந்தப் பெரிய கட்டடத்தை நிறுத்தினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தேவாலயத்துக்காக இறக்கிய கிணறுகள் ஒரு பக்கம், நம் காலத்து மெட்ரோவின் பள்ளம் பக்கத்திலேயே. ஒரே களிமண், இரண்டு பதில்கள்.

ரயில் நிலையத்தின் தெற்குப் பக்கம் வந்தால் 1908-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டிக்கொடுத்தவர் சாமிநாத பிள்ளை. எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பக்கத்தில் கென்னட் லேன், லாட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளுமாக நெரிசலான சந்து. இலங்கையிலிருந்து வருகிற புத்த யாத்திரிகர்கள் தங்கும் மகாபோதி சங்கமும் அங்கேதான். ஒரு காபிக்கு உட்கார்ந்தால் சிங்களம், தெலுங்கு, நெல்லைத் தமிழ் எல்லாம் காதில் விழும்.

நம் ஊர் ஆள்கள் இங்கே வருவதற்கான காரணங்கள் எல்லாம் தெற்குப் பக்கம் நடக்கும் தூரத்திலோ குறைந்த ஆட்டோ தூரத்திலோ இருக்கின்றன. பாந்தியன் சாலையில் மகப்பேறு மருத்துவமனை. ஹால்ஸ் சாலையில் குழந்தைகள் மருத்துவமனை. மார்ஷல்ஸ் சாலை என்று பழையவர்கள் சொல்லும் ருக்மணி லட்சுமிபதி சாலையில் கண் மருத்துவமனை. 1819-ல் தொடங்கிய அது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நெறைய கண்ணு பாத்திருப்பாங்க" என்று அவருக்கு ஒரே நிம்மதி.

ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்காக நாலு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்களா? நோயாளியோடு ஒருவர் இருக்க, கூட வந்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. 1851-ல் தொடங்கியது. அந்தக் காலச் சென்னைவாசிகள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சிச் சாலை 'உயிர் காலேஜ்'! திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கென்று ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள விருத்தாசலத்துக்காரர்கள் ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் சுட்டெடுக்கிற கை, இத்தனை பெரிய தாழியை விரிசல் விடாமல் எப்படிச் சுட்டார்கள் என்றுதான் முதலில் யோசிக்கும்.

வெண்கலக் கூடத்துக்குக் கட்டாயம் போங்கள். திருவாலங்காட்டு நடராஜரை எல்லோரும் பார்ப்பார்கள். அதோடு திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைத் தேடிப் பாருங்கள். ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண், ஆனாலும் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாத சோழர் காலத்து வேலை. அதன்முன் நிற்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு அர்த்தநாரி ஞாபகம் வர வேண்டும்.

விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரர் அது. திருடு போய், சிலை வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2004-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களிடம் காகிதங்கள் இருந்தன. ஆனால், அந்தச் சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. எந்தக் காகிதமும் அந்த ஒரு படத்துக்கு முன் நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து, ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து நம் அர்த்தநாரியையும் திருப்பிக் கொடுத்தார். திருட்டு நடந்தபோது ஊரில் பெரிய சத்தம் எழவில்லை. மாடத்தில் என்ன இருந்தது என்று படமெடுத்து வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். உங்கள் ஊர்க் கோயில் சுவரில் என்ன சிலை எங்கே இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளையே எடுக்கச் சொல்லலாம்.

அருங்காட்சியக வளாகத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காட்டிக்கொடுக்காமலே அங்கே போய்விடுவார்கள். பாந்தியன் சாலையிலேயே கோ-ஆப்டெக்ஸின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. அருகில் துணியை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகள் வரிசை, 'காட்டன் ஸ்ட்ரீட்' என்று கேட்டால் காட்டுவார்கள். பேரம் பேசலாம். ரவிக்கைத் துணியும் திரைச்சீலைத் துணியும் அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் ஆஸ்பத்திரி கவலை ஒரு நிமிடம் மறந்துபோகும்.

திரும்பும்போது

ஊர் திரும்ப டிக்கெட் எடுத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுசீரமைப்புப் பணி காரணமாகச் சில ரயில்களை எழும்பூருக்குப் பதில் தாம்பரத்திலிருந்து இயக்குகிறார்கள். எந்த நிலையம் என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள். தாம்பரம் என்றால், எழும்பூரிலிருந்து நேராக மின்சார ரயிலில் போவதுதான் மலிவு. கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள், ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவர்கள், எழும்பூர் மெட்ரோவில் ஏறி பரங்கிமலை வரை குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்து போய், அங்கே பக்கத்திலேயே இருக்கும் மின்சார ரயில் நிலையத்தில் தாம்பரத்துக்கு மாறலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இப்போது கிளாம்பாக்கம்தான், கோயம்பேடு இல்லை. அங்கே மெட்ரோ இன்னும் போகவில்லை. அதனால் தாம்பரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டும். கையில் மருந்துப் பையும் துணிப் பையுமாக இருப்பவர்கள் இதற்கெல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.